7 வருடம் நின்றுபோன விஎஃப்ஆர்750: வாங்கிவிட்டேன், இனி எங்கிருந்து ஆரம்பிப்பது?

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். போன வாரம் ஒரு ஹோண்டா விஎஃப்ஆர்750எஃப் வாங்கினேன். 1994 மாடல், ஹோண்டாவின் குறியீட்டில் ஆர்சி36. நான்கு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் வி4 என்ஜின், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் செயினுக்குப் பதில் பல்சக்கரம் சுற்றும், பின் சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாங்கும் ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம். சின்ன வயதில் ஒரு முறை அந்த பல்சக்கரச் சீழ்க்கையைக் கேட்டதிலிருந்து மனதில் கிடந்த வண்டி.

வாங்குவதற்கு முன் இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று 1,12,000 கி.மீ. ஓடியது, தினமும் ஓடிக்கொண்டிருப்பது, ஃபேரிங் (வெளி உறை) முழுக்கக் கீறல். இன்னொன்று 38,000 கி.மீ. மட்டுமே ஓடி, ஒரு கொட்டகையில் 7 வருடம் துணி போர்த்தி நின்றது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. இரண்டாவதை எடுத்தேன். நான் போனபோது என்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தது. செல்ஃப் போட்டதும் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு இன்று வரை சோக் இல்லாமல் நிற்க மாட்டேன் என்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி இருக்கிறது. டேங்க்குக்குள் டார்ச் அடித்தால் அடியில் பழுப்பு நிறம்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் ஃபேரிங்கில் இருக்கும் இரண்டு விரிசலை ஒட்டி, பெயின்ட் தொட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

---

மூன்றாவதுகியர் எழுதியது:

வாழ்த்துகள் ப்ரோ, செம வண்டி! போட்டோ போடுங்க. பெயின்ட் வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஃபேரிங்க எப்படியும் பத்து தடவ கழட்டி மாட்டப் போறீங்க.

---

பழையஇரும்பு எழுதியது:

தம்பி, வண்டி நல்ல வண்டிதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடுத்து இதைப் படிக்கப்போகிறவருக்காவது உதவும்.

ஓடி உழைத்த வண்டியைவிட நின்று கெட்ட வண்டிக்குத்தான் செலவு அதிகம். இந்த ரக என்ஜின்கள் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டுவது சாதாரணம். உலோகம் உழைப்பால் தேய்வது மெதுவாக. நிற்கும்போது கெடுவதோ உலோகத்தோடு முடிவதில்லை. ரப்பர் இறுகுகிறது, பெட்ரோல் பிசினாகிறது, பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் குடிக்கிறது, பேட்டரி தகடுகளில் சல்பேட் படிகிறது, ஆயில் சீல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து உருவம் மாறுகிறது. இவை எதுவும் மீட்டரில் தெரியாது. 38,000 என்ற எண்ணை மறந்துவிட்டு, 7 வருடம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள்.

சூடாக இருந்த என்ஜினும் ஒரு பாடம். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது காட்டும் குறையை நீங்கள் பார்க்கக்கூடாது என்பதுதான் பெரும்பாலும் காரணம். சைலன்சர் பக்கம் கையை நீட்டிப் பாருங்கள், வெப்பம் தெரிந்தால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

இப்போது வரிசை. முதலில் நிற்பது, அப்புறம் ஓடுவது. பிரேக்கும் டயரும் முடியும் வரை தெருவுக்கே எடுக்காதீர்கள். டயர் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

ஐயா, முன் டயர் 2311, பின் டயர் 0809. பட்டன் ஆழம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

பழையஇரும்பு எழுதியது:

ஆழம் இருந்து பயனில்லை. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாது. கல் மாதிரி ஆகியிருக்கும். ஈரச் சாலையில் அந்த டயர் உங்களை எச்சரிக்காமலே பிடியை விட்டுவிடும். இரண்டையும் மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு முன் 120/70, பின் 170/60, இரண்டும் 17 அங்குலம். இன்றும் நல்ல டூரிங் ரேடியல்கள் கிடைக்கிற அளவு. இதே ரகத்தில் சில பழைய வண்டிகளுக்கு டயர் அளவு தேடுவதே ஒரு வேலை, அந்த வகையில் நீங்கள் தப்பித்தீர்கள்.

---

ஷாஃப்ட்பிரியன் எழுதியது:

நான் வேற கோணத்துல சொல்றேன். நெடுந்தூரம்தான் நோக்கம்னா ஏன் செயின் வண்டி? ஹோண்டாவே எஸ்டி1100 போட்டிருக்கு, கவாசாகில ஜிடிஆர்1000 இருக்கு, பிஎம்டபிள்யூல கே100ஆர்எஸ் இருக்கு. எல்லாம் ஷாஃப்ட், அதாவது செயினுக்குப் பதில் சுழலும் தண்டு. எஸ்டி1100 டேங்க் 28 லிட்டர். மழைல 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து செயினுக்கு எண்ணெய் போடுற வேலை எனக்கு வேண்டாம்.

---

கறுப்புக்கையுறை எழுதியது:

ஷாஃப்ட் என்றால் பராமரிப்பே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பின் சக்கரம் ஷாஃப்டோடு சேரும் இடத்தில் பல் வெட்டிய ஸ்ப்ளைன் இருக்கும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த பசை தடவ வேண்டும். விட்டுவிட்டால் பற்கள் கத்தி முனை மாதிரி கூர்மையாகித் தேய்ந்துவிடும். செயின் தேய்ந்தால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றுவோம். ஸ்ப்ளைன் தேய்ந்தால் மாற்ற வேண்டியது அதைவிடப் பல மடங்கு. பழைய ஷாஃப்ட் வண்டி வாங்குகிறவர்கள் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

குருவி, நீங்கள் பிரேக்கைப் பார்க்கும் நேரத்தில் பேட்டரியையும் சார்ஜிங்கையும் கவனியுங்கள். விஎஃப்ஆர் காரர்கள் எல்லோரும் ஒரு மல்டிமீட்டர் வைத்திருப்பார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரி முனையில் 12.6 வோல்ட்டுக்கு மேல், 5,000 சுற்றில் 14ஐ ஒட்டி வர வேண்டும். 13.5ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியைக் கொதிக்க வைக்கும்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

அக்கா, பார்த்தேன். புது பேட்டரி போட்டு அளந்ததில் 5,000 சுற்றில் 12.9 தான் வருகிறது. ரெகுலேட்டர் வாங்கிவிடவா?

---

கறுப்புக்கையுறை எழுதியது:

பொறுங்கள். பொருள் வாங்கும் முன் ஐந்து நிமிடம் சோதியுங்கள். மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும். அவற்றை இணைக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா? பிறகு என்ஜின் அணைந்திருக்கும்போது ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் வண்டி உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கக் கூடாது. இருந்தால் சுருள் எரிந்துவிட்டது. பிறகு ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு இரண்டு வயராக மூன்று ஜோடியையும் அளவிடுங்கள். மூன்றும் ஒரே அளவாக, சுற்று கூடக்கூட ஏற வேண்டும். அப்படி இருந்தால் ஸ்டேட்டர் நலம்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

கப்ளருக்குள் ஒரு முனை கருகிப் போயிருந்தது! ஸ்டேட்டர் மூன்று ஜோடியும் ஒன்று போல வருகிறது. கருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று வயரையும் நேரடியாகச் சால்டர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். இப்போது 14.1. ரெகுலேட்டர் காசு மிச்சம். மிக்க நன்றி அக்கா.

---

கறுப்புக்கையுறை எழுதியது:

மகிழ்ச்சி. ஆனாலும் அந்த ரெகுலேட்டரை நம்பித் தொலைதூரம் போகாதீர்கள். பழைய ரகம், ஸ்டேட்டர் தருகிற மிச்ச மின்சாரத்தையெல்லாம் வெப்பமாக்கித்தான் கழிக்கும். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் கப்ளரும் சேர்ந்து வேகிறது. கையில் காசு சேர்ந்ததும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ரக ரெகுலேட்டருக்கு மாறுங்கள், அது இவ்வளவு சூடாகாது. எர்த் வயர்களின் முனைகளையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள்.

---

மூன்றாவதுகியர் எழுதியது:

டேங்க் துருவுக்கு உள்ள கோட்டிங் ஊத்துறாங்களே, அது நல்லதா? என் வண்டிக்கும் தேவைப்படுது.

---

பழையஇரும்பு எழுதியது:

துருவின் மேல் பூச்சு ஊற்றினால் சில வருடத்தில் தோல் தோலாக உரிந்து பெட்ரோல் வழியை அடைக்கும், அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம். ஓட்டை விழாத டேங்க்குக்குப் பூச்சே வேண்டாம். சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, வாய் வழியாக ஒரு சாதாரண இரும்புக் கம்பியை டேங்க் உடம்பில் படாமல் தொங்கவிடுங்கள். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்க்குக்கு. இரண்டு நாளில் டேங்க்கின் துரு தளர்ந்து உதிரும், கம்பிதான் துருவேறும். அவ்வப்போது கம்பியைச் சுரண்டிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. எவர்சில்வர் கம்பி போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சாக மாறித் தண்ணீரில் கலக்கும். அடுத்து, இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பெட்ரோல் வாசமே இல்லாமல் டேங்க்கைக் கழுவிய பிறகு, திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். சார்ஜரை அணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொட வேண்டும்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

டேங்க் முடிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு தெரிகிறது. உடனே காயவைத்து, மறுபடி துரு பிடிக்காமல் கொஞ்சம் எண்ணெய் சுழற்றி வைத்திருக்கிறேன்.

இப்போது கார்ப், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். நான்கையும் என்ஜினின் வி நடுவிலிருந்து பிடுங்கி எடுக்கவே ஒரு மதியம் போனது. பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சையாகப் பிசின். பைலட் ஜெட் எனும் சிறு துளைத் திருகு நான்கில் மூன்று முழு அடைப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும்தான் ஊசிமுனை போல ஒளி தெரிந்தது. சோக் இல்லாமல் நிற்காததன் காரணம் கண்ணெதிரே கிடந்தது.

---

பழையஇரும்பு எழுதியது:

எதிர்பார்த்ததுதான். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் கூட இல்லை, ஐடிலிங் முழுக்க அந்தத் துளையை நம்பி நடக்கிறது. மெயின் ஜெட் பெரிது என்பதால்தான் 3,000க்கு மேலே ஒழுங்காக ஓடியது.

இரும்புக் கம்பியை உள்ளே விடாதீர்கள், பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, அப்படியும் போகாவிட்டால் புது ஜெட் போடுங்கள். மிக்ஸ்சர் திருகுகளை எடுக்கும் முன் ஒவ்வொன்றும் உள்ளே எத்தனை சுற்று இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். அதன் அடியில் இருக்கும் குட்டி ஓரிங்கும் வாஷரும் பலருக்குத் தொலைந்துபோகும்.

இன்னொன்று, திருப்புளி. ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் திருகுகள் ஜிஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு. பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஃபிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராது, தலை வழுக்கிப் போகும். கிண்ணத் திருகுகள் நாசமாவது பெரும்பாலும் இதனால்தான். ஜிஸ் திருப்புளி ஒரு செட் வாங்குங்கள்.

கார்ப் வெளியே இருக்கும்போதே அங்கே கைக்கு எட்டுகிற கூலன்ட் குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அடுத்த வருடம் ஒரு குழாய் கசிந்தால் இதே மதியத்தை மறுபடி செலவழிக்க வேண்டும்.

---

ஷாஃப்ட்பிரியன் எழுதியது:

கார்ப் பேச்சு வந்ததால இதையும் சேத்துக்கறேன். ஜிடிஆர்1000 மாதிரி டேங்க்ல இருந்து தானா இறங்குற வண்டிகள்ல, டேங்க் அடியில பெட்ரோல அடைக்கிற குழாயும் (பெட்ரோல் காக்), கார்ப்ல இருக்கிற ஃப்ளோட் ஊசியும் ஒரே நேரத்துல கசிஞ்சா பெட்ரோல் சிலிண்டருக்குள்ளயே இறங்கித் தேங்கிடும். திரவத்த அமுக்க முடியாது. செல்ஃப் போட்டா கனெக்டிங் ராடு வளையும். ரொம்ப நாள் நின்ன வண்டிய எழுப்பறப்போ எண்ணெய்ல பெட்ரோல் வாசம் வந்தாலோ, செல்ஃப் டொக்குனு நின்னாலோ, மறுபடி அமுக்காதீங்க. பிளக்க கழட்டிட்டுப் பாருங்க.

---

பழையஇரும்பு எழுதியது:

மிகச் சரி. நின்ற வண்டி எதுவானாலும் முதலில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தங்கு தடை இல்லாமல் சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ஃப் போட்டு ஆயில் விளக்கு அணையும் வரை ஓட்டுங்கள். அந்த நேரத்தில் பிளக் கேப்களை எர்த் செய்து வைக்க மறக்க வேண்டாம்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கார்ப் மாட்டியாகிவிட்டது. இறுகிப்போன ரப்பர் பூட்களைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவியதும் நான்கும் ஒரே அழுத்தில் உட்கார்ந்தன. வாக்யூம் கேஜ் இரவல் வாங்கி நான்கையும் சமன் செய்தேன். குளிர் ஸ்டார்ட், இரண்டு நிமிடம் சோக், பிறகு 1,000 சுற்றில் அப்படியே நிற்கிறது. அந்தச் சீழ்க்கை கேட்டபோது கொஞ்ச நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

பிரேக்கில்தான் மாட்டிக்கொண்டேன். டிஸ்க்கைக் கவ்வும் முன் கேலிப்பர் இரண்டையும் பிரித்து, சீல் உட்காரும் பள்ளத்தில் படிந்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டி, புது சீல் போட்டேன். புது டயரோடு முதல் ஓட்டம். 10 கி.மீ. தாண்டியதும் வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல் இருந்தது. நிறுத்திப் பார்த்தால் முன் டிஸ்க் தொட முடியாத சூடு, சக்கரத்தைக் கையால் சுற்ற முடியவில்லை. அரை மணி நேரம் ஆறியதும் தானாக விட்டுவிட்டது. பிஸ்டன் புதுசு போல வழுக்குகிறதே, பிறகு ஏன்?

---

மூன்றாவதுகியர் எழுதியது:

சீல் சைஸ் மாறியிருக்குமோ?

---

பழையஇரும்பு எழுதியது:

சீல் இறுக்கம் என்றால் ஆறினாலும் பிடித்தே இருக்கும். சூட்டில் பிடித்து ஆறினால் விடுகிறது என்றால், விரியும் எண்ணெய்க்குத் திரும்பிப் போக வழி இல்லை என்று பொருள்.

மறுபடி பிடிக்கும்போது அங்கேயே கண்டுபிடிக்கலாம். ஒரு துணியும் ஸ்பேனரும் கொண்டு போங்கள். முதலில் லிவர் பக்கத்திலிருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டரில். விடாவிட்டால் அதை இறுக்கிவிட்டு, கேலிப்பரில் காற்று எடுக்கும் திருகான பிளீடரைத் திறங்கள். அப்போது விட்டால் ரப்பர் குழாய் உள்ளே வீங்கி ஒருவழிப் பாதையாகிவிட்டது. அதற்கும் விடாவிட்டால்தான் கேலிப்பர். பிரேக் எண்ணெய் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

மாஸ்டர் போல்ட்டைத் தளர்த்தியதும் சட்டென்று விட்டது.

---

பழையஇரும்பு எழுதியது:

அப்படியானால் திரும்பு துளை. மாஸ்டர் கிண்ணத்தின் அடியில் இரண்டு துளை இருக்கும். ஒன்று பெரிது, எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். பக்கத்தில் மிகச் சிறியது ஒன்று, பல நேரம் கண்ணுக்கே தெரியாது. லிவரை விட்டதும் எண்ணெய் அதன் வழியாகத்தான் கிண்ணத்துக்குத் திரும்ப வேண்டும். 7 வருடப் படிவு அதை மூடியிருக்கிறது. மெல்லிய கிடார் தந்தியின் ஒரு துண்டைக் கையால் மெதுவாக விட்டு எடுங்கள். பிரித்தது பிரித்ததுதான், பிஸ்டன் கிட்டையும் மாற்றிவிடுங்கள்.

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

அதேதான் ஐயா! துளை இருப்பதே தெரியவில்லை, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தந்தி நுழைந்ததும் ஒரு சிறு கறுப்புத் துகள் வெளியே வந்தது. கிட் மாற்றி, பழைய ரப்பர் குழாய்களுக்குப் பதில் எஃகு வலை போட்டவை மாட்டி, டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக ஊற்றிக் காற்று எடுத்தேன். நேற்று 180 கி.மீ. ஓட்டினேன். இரண்டு விரலில் நிற்கிறது, டிஸ்க் சரியான சூட்டில் இருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். டயர், செயின் செட், பேட்டரி, பிரேக் சாமான், கார்ப் கிட், ஃபோர்க் சீல், குழாய்கள் எல்லாம் சேர்த்து வண்டி வாங்கிய விலையில் முக்கால் பங்கு ஆகிவிட்டது, கூலி இல்லாமலே. அன்று கீறலோடு பார்த்த 1,12,000 கி.மீ. வண்டிக்குப் புது டயரும் புது செயினும் ஏற்கனவே இருந்தன. அதன் உரிமையாளர் எண்ணெய் மாற்றிய தேதியெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் அந்த நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மிச்சம் இருப்பது வால்வு கிளியரன்ஸும் ஸ்டீயரிங் பேரிங்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேர் நிலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுவது போல் தெரிகிறது. ஃபேரிங் விரிசல் அப்படியே இருக்கிறது.

---

கறுப்புக்கையுறை எழுதியது:

அந்தப் பள்ளம் பேரிங் ஓடுபாதையில் குழி விழுந்ததன் அடையாளம். இறுக்கிப் பார்க்காதீர்கள், சரியாகாது. கோன் உருளை ரகப் பேரிங் போடுங்கள், நீண்ட நாள் உழைக்கும். முதல் 1,000 கி.மீ.க்குப் பிறகு ஒரு முறை இறுக்கம் சரிபார்க்க வேண்டும்.

---

மழைக்காலப்பயணி எழுதியது:

இழை முழுதும் ஒரே மூச்சில் படித்தேன். நாளைக் காலை நானும் ஒரு பழைய யமஹா எஃப்ஜே1200 பார்க்கப் போகிறேன். நான்கு வருடம் நின்றதாம். "வாங்க, ஸ்டார்ட் பண்ணி ரெடியா வச்சிருக்கேன்" என்கிறார் விற்பவர். என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்?

---

நெடுஞ்சாலைக்குருவி எழுதியது:

இன்றிரவே அவருக்குப் போன் செய்து, நான் வரும்வரை தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மல்டிமீட்டர், டார்ச், ஒரு வெள்ளைத் துணி போதும். போனதும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வராமல் பழைய வார்னிஷ் வாசம் வந்தால் கார்ப் நான்கும் பிரித்தாக வேண்டும், அதை விலையில் பேசுங்கள். பிரேக் லிவரை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள், முன் சக்கரம் உடனே சுற்றுகிறதா பாருங்கள். சேசிஸ் எண் பதிவுப் பத்திரத்தோடு பொருந்துகிறதா, ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் இருக்கிறதா, டயர் இலக்கம் என்ன என்பதையும் குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் சொல்லுங்கள், நான் இரவு பத்து மணி வரை விழித்திருப்பேன்.